நியூட்ரான் எண்ணிக்கையில் ஒட்டுறவு
(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



அணு உலையினுள் நிகழ்வதை நாம் நேரில் காண இயலாது. நியூட்ரான்களை எண்ணும் கருவிகளே நமக்குக் கண்கள். அவை காட்டும் எண்ணிக்கை கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். இதனையே 'இரைச்சல்' என்பர். தொடர்வினை தானே நிலைபெறும் மாறுநிலைக்கு உலை எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற செய்தி இவ்விரைச்சலில் அடங்கியுள்ளது.

நியூட்ரான்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வந்தால், எண்ணிக்கையின் விலக்க வர்க்கச் சராசரி அதன் சராசரிக்குச் சமமாக இருக்கும். பொருளாதாரம் பயின்றோரும் அறிந்த பாய்சான் பரவல் இது. ஆனால், யுரேனியம்-235 அணுக்கரு பிளவுறும்போது சராசரியாக 2.4 நியூட்ரான்கள் ஒருசேரப் பிறக்கின்றன; அவை மேலும் பிளவுகளை உண்டாக்குகின்றன. ஒரே தொடரில் பிறந்தவை சற்று முன்பின்னாகக் கருவியை அடைவதால் பதிவுகள் கொத்துக் கொத்தாக அமைகின்றன. விலக்க வர்க்கச் சராசரி மிகுகிறது. மாறுநிலை நெருங்க நெருங்க இம்மிகையும் வளர்கிறது. இவ்வளவீட்டு முறை இயற்பியல் அறிஞர் ஃபெயின்மன் பெயரால் வழங்குகிறது.

எனினும், எல்லா ஒட்டுறவும் பிளவுத் தொடரின் விளைவன்று. டிராம்பேயிலுள்ள 'பிரம்மா' போன்ற, மாறுநிலைக்குக் கீழே இயங்கும் அமைப்புகளில் முடுக்கி வழியே நியூட்ரான்களைத் துடிப்புகளாகச் செலுத்தலாம். அப்போது ஒரே துடிப்பில் வந்தவை, பிளவு நிகழாவிடினும், உறவுடையவை போலத் தோன்றும். இரு கருவிகளுக்கு ஒரே மின்வழங்கி இருப்பின், அதன் அலைவு இரண்டிலும் ஒருங்கே பதிவாகும். மூன்றாவது, கருவியின் செயலற்ற நேரம். ஒரு நியூட்ரானைப் பதிந்த பின் சிறு பொழுது அது அடுத்ததை ஏற்பதில்லை. இதனால் மிகை குறைந்து காட்டும். முதல் இரண்டும் உலையை மாறுநிலைக்கு நெருங்கியதாகக் காட்டக்கூடும். மூன்றாவதோ, உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டும். அபாயம் இதில்தான் மிகுதி.

இவற்றைப் பிரித்தறிய வழிகள் உண்டு. எரிபொருளின்றி அமெரிசியம்-பெரிலியம் மூலத்தை மட்டும் வைத்து அளந்தால் விகிதம் ஒன்றாக இருத்தல் வேண்டும். விலகினால் குறை கருவியினுடையது. அம்மூலத்தின் வலிமையை எரிபொருளுடன் மாற்றிப் பார்த்தால், பிளவுத் தொடரின் மிகை மாறாது. செயலற்ற நேரத்தின் விளைவு மாறும். கருவிகளுக்குத் தனித்தனி மின்வழங்கி அமைப்பதும் இன்றியமையாதது.

திட்டச் செலவைக் குறைக்க முற்படும்போது இத்தகைய வெற்றுச் சோதனைகள் வீண் எனத் தோன்றலாம். ஆனால், பாதுகாப்பு இடைவெளியைக் கூறும் எண்ணை நம்பலாமா என்பதற்கு விடை தருபவை அவையே. அவற்றுக்கான நாட்களையும் நிதியையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்குவது நம் கடமையாகும்.