தட்டிப் பார்த்தா வயசு தெரியும்

கம்பம் பக்கத்துல எங்க அப்பத்தா, மட்டை உரிக்காமலே தேங்காயைத் தட்டிப் பாத்து முத்தலா இளசான்னு சொல்லிடும். ஆனா தன் வயசு மட்டும் தெரியாது. "ஊருக்குக் கரண்ட் வந்தப்ப நான் புதுப்பொண்ணு"ன்னு சொல்லும். ஆதார்ல இருக்கிற தேதி குத்துமதிப்புதான்.

நட்சத்திரத்துக்கும் இதே சிக்கல். வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மட்டும் வெச்சு வயசைச் சரியா பிடிக்க முடியாது. ஆனா உள்ளே கொதிக்கிற வாயு, நட்சத்திரத்தையே மணி மாதிரி அதிர வைக்குது. சத்தம் நமக்குக் கேக்காது. வெளிச்சம் இம்மியளவு கூடிக் குறையும். வயசாக ஆக மையத்துல ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியம் சேரும், அதிர்வும் மாறும். அந்த மாற்றத்துலதான் வயசு ஒளிஞ்சிருக்கு.

நியூ இண்டின்னு ஒரு நட்சத்திரம். நாசாவோட டெஸ் தொலைநோக்கி அதோட அதிர்வைப் பதிவு பண்ணுச்சு. 2020-ல பில் சாப்ளின் குழு சொன்ன வயசு சுமார் 1,100 கோடி வருஷம். 70 கோடி முன்னப்பின்ன.

இதுல என்ன விசேஷம்? கையா-என்செலடஸ்ங்கிற குட்டி கேலக்ஸி நம்ம பால்வெளியில மோதினப்ப, இந்த நட்சத்திரம் ஏற்கெனவே இங்க இருந்துச்சு. அந்த மோதல்ல இதோட பாதையே கலைஞ்சுபோச்சு. அப்படின்னா இது பிறந்த பிறகுதான் மோதல். பெரும்பாலும் 1,160 கோடி வருஷத்துக்கு முன்னாடி அது தொடங்கியிருக்க முடியாது.

அங்கே சாட்சியோட வயசை வெச்சு சம்பவத்துக்குத் தேதி போட்டாங்க. நான் தலைகீழா போகணும். ஊருக்குக் கரண்ட் வந்த வருஷத்தைத் தேடிப் பிடிச்சா, அப்பத்தா வயசு கிடைச்சிரும்.

உங்க வீட்டுச் சாட்சிகிட்டயும் கேட்டு வைங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.