நன்னூலார் காட்டும் வகுப்பறை
(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'இன்றைய கற்பித்தல் முறைகள்' என்னும் பொருளில் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தனர். 34 ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த கை இது. தொடுதிரையைப் பழிக்கவே வந்திருப்பேன் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு வந்தேன் அல்லேன்.

நான் பணியேற்ற நாளில் கரும்பலகையும் சில நிலப்படங்களுமே துணைக்கருவிகள். பின்னர்த் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2018ஆம் ஆண்டின் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. குறிஞ்சித் திணை நடத்தும்போது காந்தள் மலரைச் சொல்லால் வரைந்து களைத்தவன் நான். வயலும் ஏரியுமே கண்ட எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அம்மலரைத் திரையில் காட்டிய அன்று வகுப்பறையே வியந்தது. கருவியின் பயனை அன்றே உணர்ந்தேன்.

ஆயினும், கருவி எதுவரை உதவும் என்பதை அடுத்த ஆண்டே கற்றுக்கொண்டேன். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புக்குரிய பாடங்களை நாள்தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மாணவியிடமிருந்து மட்டும் விடைத்தாள் வரவே இல்லை. 'கவனம் இல்லாதவள்' என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். 2021 சனவரியில் அவர்கள் மீண்டும் பள்ளிக்கு வந்தபோது அவளைக் கடிந்து கேட்டேன். "அப்பா வேலை முடிந்து இரவில் வந்தால்தான் போன் கிடைக்கும், ஐயா. பாடத்தைப் பார்த்தேன்; புரியாததைக் கேட்கத்தான் ஆள் இல்லை" என்றாள். குறிப்பேட்டில் இருந்த அச்சொற்களை அடித்தேன். அவள் முகத்தை என் நெஞ்சிலிருந்து இன்றும் அகற்ற இயலவில்லை.

அன்றிரவு நன்னூலைப் புரட்டினேன். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் பவணந்தி முனிவர், இலக்கணம் கூறுமுன் பொதுப்பாயிரத்தில் கற்றல், கற்பித்தல் பற்றிப் பேசுகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கணக்கு. இதனைப் பலமுறை பாடம் நடத்திய நான், அன்றுதான் பொருள் உணர்ந்து படித்தேன். நான் அனுப்பிய காணொளிகள் யாவும் அந்த முதற் காற்பங்கிற்குள் அடங்குவன. எஞ்சிய முக்காற்பங்கை அச்சிறுமி எங்கே தேடுவாள்?

ஆசிரியர் ஆகாதாருக்கு அவர் காட்டும் உவமைகளுள் கழற்குடமும் ஒன்று. நிரப்பிய முறையில் அல்லாமல், கழற்காய்களை ஒருசேரக் கொட்டிவிடும் குடம் அது. கேட்போர் நிலை அறியாமல் பாடங்களைக் கொட்டும் திரைக்கும் அவ்வுவமை பொருந்தும். அவ்வாண்டில் எனக்கும் பொருந்தியது.

மறுநாள் தொகைநிலைத் தொடர்களை அவளுக்கு விளக்கினேன். அதற்கடுத்த நாள், தோழியர் இருவருக்கு அவளையே நடத்தச் சொன்னேன். தயங்கித் தொடங்கியவள், தன் கூந்தலில் சூடியிருந்த மல்லிகைப்பூவைத் தொட்டுக் காட்டி, "மல்லிகையாகிய பூ, இருபெயரொட்டுப் பண்புத்தொகை" என்றாள். எந்தத் திரையிலும் காணாத எடுத்துக்காட்டு அது. அரைப்பங்கு அவளுக்குக் கிட்டியதைக் கண்ணாரக் கண்டேன்.

பெற்றோர்களே, கைப்பேசியில் பாடம் பார்த்த பிள்ளையிடம் "பார்த்தாயா?" என்று மட்டும் கேளாதீர்கள். "பாட்டிக்குச் சொல்லிக் காட்டு" என்று சொல்லுங்கள். பாட்டி குறுக்குக் கேள்வி கேட்டால் இன்னும் நன்று. ஆசிரிய நண்பர்களே, திரையைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், அதன்பின் இருபது நிமிடம் மாணவர் பேசட்டும்.

அறக்கட்டளையினர்க்கும் ஒரு விண்ணப்பம். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. நூல் வழங்குவதோடு அது நிறைவடைய வேண்டுவதில்லை. வாரம் ஒரு மாலை, நம் ஊர்ப் பிள்ளைகளுள் மூத்தோர் இளையோர்க்குப் பாடம் சொல்ல ஓர் இடமும் ஒரு விளக்கும் தாருங்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளையும் அங்கே வந்து அமரட்டும். கேட்க ஆள் இல்லை என்று இனி ஒரு குழந்தையும் சொல்ல வேண்டாம். முதல் மாலைக்கு நான் வருகிறேன். சுண்ணக்கட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.