கடற்காற்றில் ஒரு மடக்குக் கத்தி



பேனாக்கத்தி என்றால் நம்மில் பலருக்குத் திருவிழாக் கடையில் வாங்கும் சாமான்தான். ஆனால் அதே மடக்குக் கத்தி 30,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் விற்கிறது. அமெரிக்காவின் ஐடஹோவில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் 'செபென்சா' அந்த ரகம். அப்படி ஒன்றை வாங்கித் தினமும் பையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் கோவளத்திலோ, மாமல்லபுரத்திலோ, சதுரங்கப்பட்டினத்திலோ குடியிருந்தால் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

விற்பவர் முதலில் சொல்வது கடினத்தை. ராக்வெல் அளவில் 60, 62 என்பார். எண் ஏற ஏறக் கத்தி உசத்தி என்று நமக்கும் தோன்றிவிடும். அது சரிதானா என்று விசாரிக்க வெளிநாடு போக வேண்டாம். 1957 முதல் சிற்பக் கல்லூரி நடக்கும் மாமல்லபுரத்தில், ஏதாவதொரு சிற்பக்கூடத்தில் நின்று கேட்டால் போதும். கருங்கல்லைக் கொத்தி மழுங்கிய உளியை உலையில் காய்ச்சுவார்கள், அடித்துக் கூராக்குவார்கள், பிறகு தண்ணீரில் தோய்ப்பார்கள். தோய்ச்சல் குறைந்தால் முனை சீக்கிரம் மழுங்கும். மிஞ்சினால் கல்லில் பட்டதும் தெறித்துவிடும். செய்யப்போகும் வேலைக்கு எது பதமோ அதுதான் நல்ல உளி. கார்பைடு முனை வைத்த உளி வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. அது நெடுநாள் உழைக்கும். கோணல் அடி விழுந்தால் சில்லு பெயரும்.

கத்திக்கும் இதே நியாயம்தான். சுவிட்சர்லாந்தில் 1897இல் காப்புரிமை பெற்ற அதிகாரிகள் கத்தியின் வழிவந்த விக்டோரினாக்ஸ் கத்திகளின் கடினம் ஏறத்தாழ 56தான். அதன் வாய் விரைவில் மழுங்கும், உண்மை. ஆனால் சாதாரணக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். விலையுயர்ந்த எஃகுகள் பலவற்றில் வனேடியம் கலந்திருக்கும். வனேடியம் கார்பைடு, சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. அதனால் வைரத்தூள் பதித்த தட்டில் தீட்டினால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுங்கள், இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் விடாமல் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் வாய் சூடேறி நீலம் பாய்ந்தால், தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள்.

கடினத்தைவிட நம் கடற்கரைக்கு முக்கியமானது உப்பு. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், துருவே பிடிக்காத எஃகு என்று அதை நம்பிவிடக் கூடாது. எஃகில் கலந்த குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைப் போடுகிறது. அதுதான் காவல். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துக் குழி பறிக்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. எஃகிலுள்ள கரி, குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கார்பைடாகக் கட்டிப்போட்டுவிடும். கட்டுண்ட குரோமியம் காவலுக்கு வராது.

நடுத்தர விலைக் கத்திகளில் அடிக்கடி காணும் டி2 எஃகில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தும், கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூப்பது இதனால்தான். 2021இல் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து வெளிவந்த மேக்னாகட் எஃகில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். ஆனால் அதில் குரோமியம் கார்பைடு உருவாகாதபடி கலவையை அமைத்ததால், அந்தக் குரோமியம் பெரும்பாலும் காவலுக்கே நிற்கிறது. எல்சி200என் எஃகில் கரியைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்திருக்கிறார்கள். படகிலும் வலையிலும் புழங்குகிறவருக்கு இது மிகப் பொருத்தம். கொளவாய் ஏரிப் பக்கம், கடலைவிட்டு உள்ளே தள்ளிச் செங்கல்பட்டு ஊருக்குள் இருப்பவர், நெடுநேரம் கூர் நிற்கும் எஸ்30வி போன்ற எஃகைத் தயங்காமல் வாங்கலாம்.

அலகோடு கணக்கு முடியாது. பிடி மரமானால் ஐப்பசி மழையில் ஊதும். 1890 முதல் பிரான்சில் செய்யப்படும் ஒப்பினெல் அழகான கத்திதான். ஆனால் ஈரத்தில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், விரிக்க நகம் வலிக்கும். டைட்டானியம், பிசின் ஏற்றிய ஜி10, மைக்கார்ட்டா பிடிகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிடியின் முதுகுப்பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை மணல் உள்ளே போனால் நல்ல தண்ணீரில் அலசி வெளியேற்ற அது வழி. மணலைப் பொறுத்தவரை, சுழலும் இடத்தில் குண்டு பேரிங் வைத்ததைவிட வெறும் வாஷர் வைத்தது மேல். அலசித் துடைத்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். பழம் நறுக்கும் கத்தியானால் உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெய் போடலாம்.

விரித்த அலகு பூட்டிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பூட்டில்லாத கத்தியின் முதுகில் அழுத்தம் விழுந்தால், அது விரல்மேல் மடங்கும். பூட்டிருந்தாலும் மடக்குக் கத்தி நெம்புகோல் ஆகாது. இளநீருக்கும் நுங்குக்கும் அரிவாள் இருக்கிறது, மீனுக்கு அரிவாள்மனை இருக்கிறது. கயிறு, சாக்கு, பார்சல், கொய்யாப்பழம்: சட்டைப்பைக் கத்திக்கு இவ்வளவுதான் வேலை. இதற்கு 3 அங்குல அலகு தாராளம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நம் கத்தி இதற்குள் வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். கல்பாக்கம் அணுமின் வளாகம் போன்ற காவல் மிகுந்த இடங்களுக்குப் போகும்போது வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் ரகம் வேண்டவே வேண்டாம். அதைக் கையில் பார்க்கும் போலீஸ்காரருக்குக் கொய்யாப்பழம் நினைவுக்கு வராது.

30,000 ரூபாய் கையில் இருந்தால் முழுவதையும் கத்தியிலேயே போடத் தேவையில்லை. உப்புக்கு அசையாத எஃகும் ஊதாத பிடியும் உறுதியான பூட்டும் அதில் பாதி விலைக்கே கிடைக்கின்றன. மிச்சத்தில் நல்ல வைரத்தட்டு ஒன்று வாங்கி, தீட்டப் பழகுங்கள். தீட்டத் தெரியாதவர் கையில் எந்த விலைக் கத்தியும் சில மாதத்தில் மொட்டைக் கத்திதான்.