ஏரியில் ஒரு கடற்போர்

சண்டை போடுவதற்கென்றே மாதிரிக் கப்பல் கட்டும் ஒரு கலையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்து இளைஞர்கள் கொஞ்சம் காது கொடுங்கள்.

1970களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது இது. முன்பு கடலில் ஓடிய ஒரு போர்க்கப்பலை எடுத்துக்கொண்டு, 144இல் ஒரு பங்காகச் சிறிதாக்கிக் கட்டுவார்கள். உள்ளே பேட்டரி, மோட்டார், ரிமோட் கருவி எல்லாம் உண்டு. பக்கங்களுக்கு மட்டும் நகம் பட்டாலே பதியும் பால்சா மரத்தகடு. வாயு அழுத்தத்தில் பாயும் சிறு உலோகக் குண்டு அதைத் துளைக்கும். தண்ணீர் ஏறும், உள்ளிருக்கும் குட்டிப் பம்ப் இறைத்து வெளியே தள்ளும். பம்ப் தோற்றால் கப்பல் நிஜமாகவே மூழ்கிவிடும். பிறகு தண்ணீரில் இறங்கி எடுத்து, ஓட்டையை அடைத்து, மறுபடி மிதக்கவிடுவார்கள்.

சுடுவதுதான் இதில் சுவை என்று பலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுவதும் மூழ்கியதைத் திரும்ப எழுப்புவதும்தான் இதன் உயிர்.

எந்தக் கப்பலைக் கட்டலாம்? எம்டனை எல்லாருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. தமிழ்ப் பையன் எவனும் முதலில் எம்டனைத்தான் கட்ட ஆசைப்படுவான். ஆனால் கணக்குப் பாருங்கள். 118 மீட்டர் கப்பல் 82 சென்டிமீட்டராகச் சுருங்கும். அகலம் 9 சென்டிமீட்டர்தான் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை ஏறக்குறைய முப்பது லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். எம்டனுக்கு மொத்தமே ஒன்றே கால் கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. பேட்டரி, மோட்டார், பம்ப் எல்லாவற்றையும் அதற்குள் அடக்குவது தேர்ந்த கைக்கே சிரமம். 1906இல் மிதந்த பிரிட்டனின் டிரெட்நாட் என்றால் 111 சென்டிமீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் அகலம், ஆறு கிலோ தாங்கும். முதல் கப்பல் அப்படி அகலமானதாக இருக்கட்டும். எம்டன் இரண்டாவதாக வரட்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கப்பலின் உடலை ஃபைபரில் வார்க்க அச்சு வேண்டும். அச்சு எடுப்பதை விருத்தாசலத்துக்கு யார் கற்றுத்தர வேண்டும்? பீங்கான் பொம்மைக்குப் பிளாஸ்டர் அச்சு எடுக்கும் கைகள் இங்கே எத்தனையோ! எந்த இடத்தில் அச்சு பிரிய வேண்டும், எந்த வளைவில் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கண்பார்வையிலேயே தெரியும். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதால் மூல உருவைப் பெரிதாகச் செய்து பழகியவர்கள் அவர்கள். ஃபைபர் அந்த அளவுக்குச் சுருங்காது. அது ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் அரும்பாடுபட்டுக் கற்கும் பாடம் இங்கே பரம்பரைத் தொழிலாக இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இதைக் கையில் எடுத்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

துப்பாக்கியை இப்போது நினைக்கவே வேண்டாம். அந்தக் குண்டு கண்ணைப் பறித்துவிடும். அமெரிக்காவில் கரையில் நிற்பவர்கூடப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டாக வேண்டும். அதற்குப் பதில், கப்பலின் முனையில் ஒரு ஊசி, பின்னால் ஒரு பலூன், எதிராளியின் பலூனை உடைப்பவர் வென்றார். மாதிரிப் படகுக்காரர்களின் பழைய ஆட்டம் இது, போதுமான பரபரப்பும் உண்டு. கப்பலுக்குள் இருக்கும் ரிமோட் கருவியின் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலேயே வையுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் சரியாக எட்டாது. ஏரியில் வண்டல் எடுத்த பள்ளம் திடீரென்று ஆளை விழுங்கும். அடி தெரிந்த, முழங்கால் ஆழத் தண்ணீர்தான் களம். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகள் இறங்கவே கூடாது.

வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், என்.சி.சி. கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டிப் பிரிவு. அகில இந்திய நவ் சைனிக் முகாமில் அதற்குப் பரிசும் உண்டு. அந்தப் பிரிவில் பயிற்சி பெற்றவர் உங்கள் ஊரில் இருந்தால் தேடிப் பிடியுங்கள். அச்சு எடுக்கத் தெரிந்த ஒருவரையும் மோட்டார் சுற்றத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, இந்தக் கோடை விடுமுறையில் ஒரு கப்பலையாவது மிதக்கவிடுங்கள்.