தெளிந்த நீரும் தூய நீரும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குடிநீரைக் கண்ணாற் பார்த்தும் நாவாற் சுவைத்தும் நல்லது தீயது என்று தீர்ப்பது நம் வழக்கம். ஐயம் தோன்றினால் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கின்றோம். இவ்வழக்கம் நன்றே, ஆயினும் போதாது. நீரிற் சேரும் மாசுகளில் கிருமி ஒரு வகை. கரைந்த உப்பு ஒரு வகை. குழாயிலிருந்து வரும் உலோகம் வேறொரு வகை. ஒன்றுக்கான பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது.

முதலிற் கிருமியைப் பார்ப்போம். வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் நீர்வழியே பரவுவன. கொதிநீரில் இக்கிருமிகள் மடியும். நகரசபைகள் குளோரீன் கலப்பதும் இதன்பொருட்டே. குளோரீன் நீருடன் சேர்ந்து ஓர் அமிலத்தைத் தருகின்றது; கிருமியைக் கொல்வது பெரும்பாலும் அதுவே. சேறு கலந்த நீரிலோ அது அழுக்கோடு போராடியே தீர்ந்துபோம். ஆதலால் வண்டலைப் படியவைத்து, மணலில் வடித்து, அதன்பின்பே குளோரீன் இடுவர். வீட்டுக் குழாயை அடையும்போதும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் நெறி. குழாய் நீரின் மெல்லிய மணத்தைப் பலர் வெறுக்கின்றனர். காவலாளி விழித்திருக்கின்றான் என்பதற்கு அம்மணமே அடையாளம்.

இரண்டாவது உப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லிலே தங்கிநிற்பது. தோட்டத்துக்கு மிகையாக இட்ட உரமும் மலகூடக் குழியின் கழிவும் மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேர, அங்கே நைத்திரேற்று பெருகுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. நம் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகையாயின் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலியிழந்து, உடல் நீலம் பாரிக்கும். இந்நீரைக் கொதிக்கவைத்தால் ஆவியாகிப் போவது நீரே. நைத்திரேற்று எஞ்சிச் செறிவு கூடும். குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மார் இதை அறிந்திருத்தல் அவசியம்.

மூன்றாவது உலோகம். இதற்குச் சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகர். 2014 ஏப்பிரலில் அந்நகர், செலவைக் குறைக்கும் நோக்குடன், டெற்றோயிற்றிலிருந்து பெற்றுவந்த ஏரிநீரை விட்டு ஆற்றுநீருக்கு மாறிற்று. குழாய்களின் உட்புறத்தைக் காக்கும் பொசுபேற்றைச் சேர்க்காது விட்டனர். காப்புப் படலம் அரிந்தது. பழைய குழாய்களின் ஈயம் நீரிற் கலந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே மோட்டார்த் தொழிற்சாலையொன்று, தன் இயந்திர உறுப்புகள் அரிக்கப்படுகின்றன என்று அந்நீரைக் கைவிட்டது. நகரத்துக் குழந்தைகளோ மேலும் ஓராண்டு அதையே குடித்தனர்; 2015 ஒக்டோபரிற்றான் ஏரிநீர் திரும்பிற்று. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இரும்புக்குக் கிடைத்த கவனம் அக்குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை!

இளைஞர்களே! இரசாயனம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஆண்டுதோறும் மாரி முடிந்தபின் சோதனைக்கு அனுப்புங்கள். பெறுபேற்றை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பெரியோர்களே! தோட்டத்துக்கு இடும் உரத்தின் அளவைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

தண்ணீர்ப்பந்தல் வைத்தல் நம் முன்னோர் போற்றிய அறம். அப்பந்தலில் வார்க்கும் நீர் எத்தகையது என்று அறிந்து வார்ப்பதும் அவ்வறத்தின் பகுதியே.