எட்டும் தூரத்தில் ஒரு வீடு



டிசம்பர் 6 வந்தால் மாலை போடுகிறோம், முழக்கமிடுகிறோம், கலைந்துவிடுகிறோம். இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவு குடியிருப்பைப் பற்றி இருக்கட்டும் என்று தோழர்கள் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பரோடா. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கு அந்தச் சமஸ்தானத்தில் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. ஓர் இந்து நண்பரைக் கேட்டார், ஒரு கிறித்துவ நண்பரைக் கேட்டார். இருவருமே கைவிரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். வேலையும் போயிற்று.

இதைத் தீண்டாமையின் கொடுமையாகச் சொல்லிவருகிறோம், சொல்லத்தான் வேண்டும். அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பம்பாயில் அவருக்குக் குடும்பமும் ஒதுங்க இடமும் இருந்தன. வேலை இருந்த ஊரில்தான் இல்லை. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தக் கரையையே எடுத்துக்கொள்வோம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. அது தொடக்க காலத்தில் கட்டிய அடுக்குமாடிகளில் நொச்சிக்குப்பமும் ஒன்று. (2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். நம் பாட்டிமார்களுக்கு அது இன்னும் 'ஹவுசிங் போர்டு'தான்.) குடிசை இருந்த இடத்திலேயே மாடி என்பதுதான் அன்றைய வழக்கம்.

2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்தது. அடுத்த மார்ச்சில் வந்த அரசாணை 172, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் தள்ளிப்போனால் புது வீடு உண்டு, போகாவிட்டால் அரசின் வீட்டு உதவி இல்லை என்றது. சென்னைக் குப்பங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. நொச்சிக்குப்பத்தில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய அடுக்குமாடிகள் கட்டினார்கள். அது சும்மா கிடைத்துவிடவில்லை. இடித்தபின் வெளியாளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கரைக்கு இது புதிதுமல்ல. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களை அப்புறப்படுத்தப் போய், அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்து மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன்கடைகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஒவ்வொரு முறையும் மீனவர் சொன்ன பதில் ஒன்றுதான்: கடல் இங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே போவது? 2024 ஆகஸ்டில் மீன் அங்காடி திறக்கப்பட்டதும் இதே கரையில்தான். அந்தப் பதிலில் இருந்த நியாயத்தை அரசு முழுமனதோடு இல்லாவிட்டாலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி சொல்லப்போவது இந்த மேடையில் கொஞ்சம் சங்கடமானது. மீனவரும் தலித்தும் ஒரே பட்டியலில் இல்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பிணங்களை அள்ள வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். அதே மாவட்டத்தில் நிவாரண வரிசையில் தலித்துகளையும் இருளர்களையும் ஒதுக்கினார்கள். படகு இழந்தவருக்குக் கணக்கு இருந்தது, படகில் கூலிக்குப் போனவருக்கும் மீன் சுமந்தவருக்கும் கணக்கு இல்லை. இதை மறைத்துக்கொண்டு ஒற்றுமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் மீனவரின் வாதத்தை நாம் கடன் வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும்.

மீனவருக்குக் கடல் பிழைப்பு என்றால், மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு அந்த நாலு வீடுதான் கடல். விடியுமுன் வார்டு அலுவலகத்தில் வருகை கொடுக்க வேண்டிய துப்புரவுத் தொழிலாளிக்கு அந்த வார்டு. பூக்கட்டுபவருக்குக் கோயில் வாசல். பெரும்பாக்கம் இங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மை. காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வேண்டிய வீட்டுக்கு அந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கொண்டுசேர்க்கும்? நாலு வீடு இரண்டாகும், பிறகு ஒன்றாகும். நகை அடகுக்குப் போகும். மூத்தவள் பள்ளியை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். கணவன் வேலை பார்க்கும் இடத்திலேயே படுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வருவான். முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதியதும் வேலை தர யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் 'மக்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள்' என்று ஆய்வறிக்கைகள் பாராட்டும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. சமாளிப்பின் செலவை யார் கொடுத்தார்கள் என்றும் எழுதுங்கள், மாணவர்களே.

சத்தியவாணி முத்து நகரை நினைத்துப் பாருங்கள். அண்ணா, கலைஞர் அமைச்சரவைகளில் இருந்தவர், 1974இல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். அவர் பெயரைத் தாங்கிய கூவக்கரைக் குடியிருப்பை 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயோரம், கோவிந்தசாமி நகர் இடிக்கப்பட்டபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. அப்படியானால் பக்கத்திலேயே இடம் இருந்திருக்கிறது. ஓர் உயிர் போகும்வரை அது ஏன் கண்ணில் படவில்லை?

நீதிமன்றத்தை நம்பலாமா என்று கேட்பீர்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. சென்னையிலிருந்தும் கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு என்று ஒரு வழக்கு அங்கே போயிருந்தது. வாழ்வுரிமைக்குள் பிழைப்புரிமையும் அடக்கம் என்ற பகுதியை நாம் எல்லாத் துண்டறிக்கையிலும் அச்சிடுகிறோம். அறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் கழித்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னதை அச்சிடுவதில்லை. நடைபாதை மக்கள் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் பிழைப்பும் இருப்பிடமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

எங்கே நிற்பது? கணக்கெடுப்பில். இடிப்பு பொக்லைன் வரும் அன்று தொடங்குவதில்லை, நோட்டுப் புத்தகத்தோடு ஆள் வரும் அன்றே தொடங்கிவிடுகிறது. பகலில் வருவார்கள், வேலைக்குப் போனவர்களின் கதவு பூட்டியிருக்கும். மணமான மகனின் குடும்பம் அப்பாவின் பெயருக்குள் மறைந்துபோகும். வாடகைக்கு இருப்பவருக்குப் பெயரே இருக்காது. ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். தண்ணீரிலும் தீயிலும் முதலில் போவது காகிதம். கணக்கெடுப்புப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கித் தெருவில் ஒட்டுங்கள்.

2021 அக்டோபரில் அரசு மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவை வெளியிட்டது, ஆங்கிலத்தில். யாரைக் காலி செய்யப்போகிறார்களோ அவர்கள் படிக்கத் தமிழில் கொடுங்கள் என்று கேட்டுப் போராட வேண்டியிருந்தது. கேட்டவர்களில் இந்த அரங்கில் இருக்கும் பெண்கள் சிலரும் உண்டு. இப்போது கேட்க வேண்டியது இன்னொன்று. வேலை எங்கே, எத்தனை மணிக்கு, பிள்ளை எந்தப் பள்ளியில் என்ற மூன்றையும் ஒவ்வொரு குடும்பத்திடமும் எழுதி வாங்கி, அதை வைத்துத்தான் வீடு எந்தப் பகுதியில் என்று முடிவு செய்ய வேண்டும். மனுவின் வரைவு வெளியே மேசையில் இருக்கிறது. தமிழில்தான் எழுதியிருக்கிறோம். படித்துப் பார்த்து, விட்டுப்போனதைச் சேர்த்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.