கட்டளையை எழுதுவது யார்?

(ஹட்டன் பகுதித் தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே, உயர்தரம் படிக்கும் தம்பி தங்கையரே,

சங்கக் கூட்டத்தில் விஞ்ஞானம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம்முடைய பேரைத் தொடும் விஞ்ஞானம் என்பதால்தான் பேசுகிறோம்.

கவ்வாத்துக் கத்தி எப்போதும் கத்திதான். கூடை எப்போதும் கூடைதான். அப்படியில்லாமல், கட்டளைப்படி வடிவத்தை மாற்றிக்கொள்ளும் பொருளைச் செய்ய விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். செய்நிரற் பொருள் என்று அதைச் சொல்லலாம். 1991இல் அமெரிக்காவில் டொஃபோலி, மார்கோலஸ் என்ற இருவர் அந்தப் பெயரில் கட்டுரை எழுதினார்கள். பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோல்ட்ஸ்டீன், மௌரி குழுவினர், மணல்போன்ற சின்னக் கணினிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வேண்டிய உருவமாக நிற்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். செய்து காட்ட முடிந்தது, மேசைமேல் காந்தவிசையால் நகரும் உருளைகளைத்தான். 2013இல் ஸ்கைலர் டிபிட்ஸ், தண்ணீரில் போட்டால் தானே மடிந்து உருவெடுக்கும் இழையைக் காட்டினார். அதில் மோட்டர் இல்லை. நீரில் ஊதும் பகுதியை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதே அதற்குக் கட்டளை.

இது வளர்ந்தால், மழை பிடித்ததும் ஓட்டையை மூடிக்கொள்ளும் லயக் கூரை வரலாம். பிள்ளையின் காலோடு சேர்ந்து வளரும் சப்பாத்து வரலாம். இரண்டு இலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளும் இயந்திர விரலும் வரலாம். எது முதலில் வரும் என்பதைப் பணம் போடுகிறவரே முடிவு செய்வார்.

கட்டளைக்கு அடங்கும் பொருள் இன்றைக்கே நம் மடுவத்தில் இருக்கிறது. மின்னணுத் தராசைத்தான் சொல்கிறோம். கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்ற எண்ணை அதில் ஒருவர் பதிகிறார். ஒரு தோட்டத்தில் பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு அக்கா 20 கிலோ எடுக்கிறார். நிறுவைக்கு 1 கிலோ வீதம் மூன்று நிறுவையிலும் கழித்தால் மிஞ்சுவது 17. பேர் அரைப் பேராகிறது. தராசு பழுதில்லை, சொன்னதைத்தான் செய்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பல தோட்டங்களில் அதன் பின்னாலேயே கிலோக் கணக்கும் ஏறியதை மறந்துவிடவில்லை.

ஆகவே நாம் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. மூன்று விடயம் கேட்கிறோம். தராசின் முகம் கொழுந்து கொண்டுவருபவரைப் பார்க்க வேண்டும். கழிவு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். புதிய கருவி எதுவும் மலைக்கு வருமுன் சங்கத்தோடு பேச வேண்டும்.

இன்றிலிருந்து ஒவ்வொருவரும் மூன்று நிறுவையையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். கணக்கைக் கூட்டித் தருவது படிக்கிற பிள்ளைகளின் பொறுப்பு. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு துரையிடம் பேசுவோம்.